பால்கனிக்கு எந்த டெக்கிங்? லண்டன் ஃப்ளாட்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, பார்க்கிங் (Barking), ஹேரோ பக்கம் புது அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்கிய நம்மவர்கள், பால்கனித் தரையில் போடும் பலகையான டெக்கிங்கைப் பற்றிக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து எழுதியது இது. இதில் வரும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் தனி.

தீ சுவர் வழியாகத்தானே ஏறும்? பால்கனித் தரைக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?

லண்டன் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்ததற்குப் பிறகு எல்லோர் கண்ணும் வெளிச்சுவர்மேல் ஒட்டிய தகடுகளான கிளாடிங்கிலேயே இருந்தது. இரண்டே வருடத்தில் பார்க்கிங் பகுதியில் வேறொன்று தெரிந்தது. 2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், டி பாஸ் கார்டன்ஸில் உள்ள சாமுவேல் கார்சைட் ஹவுஸ் என்ற ஆறு மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அதன் பால்கனிகள் மரத்தால் ஆனவை. ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்கோட்டில் இருந்தன. நிமிடக் கணக்கில் தீ கீழிருந்து மேல்வரை ஏறிவிட்டது. 20 ஃப்ளாட்கள் எரிந்து நாசமாயின, இன்னும் 10 சேதமடைந்தன. பகல் நேரம் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

2021 மே 7 அன்று லண்டன் டாக்லாண்ட்ஸ் பகுதியில் நியூ பிராவிடன்ஸ் வார்ஃப் எரிந்தபோது தீ ஆரம்பித்தது எட்டாவது மாடி ஃப்ளாட் ஒன்றின் ஃப்யூஸ் போர்டில். தீ பரவியதற்குப் பால்கனியில் இருந்த மர டெக்கிங்கும் ஒரு காரணம் என்று லண்டன் தீயணைப்புப் படை தன் அறிக்கையில் சொன்னது. அந்தக் கட்டடத்தைப் பற்றி அதுவரை எல்லோரும் பேசியது கிளாடிங்கைத்தான்.

பால்கனியின் சிக்கல் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நாலா பக்கமும் காற்று. பலகைக்குப் பலகை இடைவெளி. கீழ்வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வரும் தீ நேராக உங்கள் பலகையின் அடிப்பக்கத்தைத்தான் நக்கும். மேல்பக்கத்தில் சிகரெட் நெருப்பு விழுவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள். பெரிய ஆபத்து வருவது அடியிலிருந்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 டிசம்பர் 21 முதல், மேல்மாடித் தரை 18 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரிலும், அதில் இணைத்த பால்கனியிலும் எரியக்கூடிய பொருள் கூடாது. ஐரோப்பிய வகைப்பாட்டில் ஏ1 அல்லது ஏ2-எஸ்1, டி0 (A2-s1, d0) பெற்றவை மட்டுமே அனுமதி. 18 மீட்டர் என்பது தோராயமாக ஆறு, ஏழு மாடி. 2022 டிசம்பரில் இந்தத் தடை ஹோட்டல், ஹாஸ்டல்களுக்கும் விரிந்தது. 11 முதல் 18 மீட்டர் வரையிலான குடியிருப்புகளுக்கான வழிகாட்டுதலும் அதே சமயத்தில் இறுகியது.

விதி குறிப்பிடுவது பலகையை மட்டும் அல்ல, பால்கனியை. பலகை, அதைத் தாங்கும் சட்டம் (ஃப்ரேம்), கைப்பிடி எல்லாம் அதற்குள் வரும். சின்னச் சின்ன உதிரிகளுக்கு விலக்குகள் உண்டு.

எங்கள் கட்டடம் 2012-இல் கட்டியது. பழைய கட்டடத்துக்கு இந்தத் தடை பொருந்தாது என்று கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜென்ட் சொல்கிறாரே?

பாதி உண்மை. கட்டி முடித்து நிற்கும் பால்கனியை இந்த ஒரு விதியை மட்டும் காட்டிப் பெயர்க்கச் சொல்ல முடியாது. ஆனால் இப்போது டெக்கிங்கை மாற்றப் போகிறீர்கள் என்றால் அது புது வேலை. மரத்தைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மரத்தைப் போடலாமா என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி, 2021-ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புச் சட்டம். கட்டடத்துக்குப் பொறுப்பானவர் செய்யும் தீ அபாய மதிப்பீட்டில் வெளிச்சுவரும் அதில் இணைந்த பால்கனிகளும் அடங்கும் என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் 'பழைய கட்டடம்' என்ற பதிலோடு ஏஜென்ட் கை கழுவ முடியாது. மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். அதில் 'பால்கனி' என்ற வார்த்தையே இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏ2-எஸ்1, டி0. இது என்ன மந்திரம்?

மூன்று துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் எழுத்து, பொருள் எரியும் தன்மை. ஏ1 முதல் எஃப் வரை இறங்குவரிசை. எஸ் என்பது புகை: 1 என்றால் மிகக் குறைவு, 3 என்றால் அதிகம். டி என்பது எரிந்துகொண்டே சொட்டும் துளிகள்: பத்து நிமிடச் சோதனையில் ஒன்றும் சொட்டவில்லை என்றால் 0. பால்கனியில் இந்தக் கடைசி எழுத்து சாதாரணமானது அல்ல. உங்கள் தரையிலிருந்து சொட்டுவது கீழ்வீட்டுக்காரரின் துணி காயும் ஸ்டாண்டில் விழும்.

ஏ வகுப்புக்கும் பி வகுப்புக்கும் இடையே உள்ள தூரம் எழுத்து வரிசையில் தெரியாது. ஏ2 பெறும் ஒரு வழி, பொருளை முழுதாக எரித்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளப்பது. ஒரே சீரான பொருள் என்றால் கிலோவுக்கு 3 மெகாஜூல் தாண்டக் கூடாது. ஏ1 என்றால் 2. மரம் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 18 தரும். பாலிஎதிலீன் 45-க்கு மேல். காம்போசிட் டெக்கிங் என்று விற்பது பெரும்பாலும் மரத்தூளும் இந்தப் பிளாஸ்டிக்கும் கலந்ததுதான். அது 3-க்குள் வருமா என்று கேட்கவே வேண்டாம்.

கடைக்காரர் 'ஃபயர் ரேட்டட் காம்போசிட்' என்று சான்றிதழே காட்டினார். வாங்கலாமா?

சான்றிதழில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். நல்ல காம்போசிட்டுகள் பி வரை எட்டுகின்றன. பொய் இல்லை, ஆனால் 18 மீட்டருக்கு மேல் பி செல்லாது.

அதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. பல சான்றிதழ்களில் 'பிஎஃப்எல்-எஸ்1' (Bfl-s1) என்று இருக்கும். பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப்எல். அது தரைவிரிப்புகளுக்கான வகைப்பாடு. அந்தச் சோதனையில் மாதிரியைத் தரையில் படுக்க வைத்து, மேலிருந்து வெப்பம் காட்டி, மேற்பரப்பில் தீ எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்ப்பார்கள். வரவேற்பறைக் கார்ப்பெட்டுக்குச் சரியான சோதனை. பால்கனியில் தீ அடியிலிருந்து அல்லவா வருகிறது? அடிப்பக்கத்தைப் பற்றி அந்தத் தாள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எஃப்எல் என்றாலே மறுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022 திருத்தத்தில், பால்கனியின் மேல்தள அடுக்குக்கு மட்டும், அதன் கீழே ஓட்டை இல்லாத அடித்தளம் முழு அளவுக்கும் இருந்தால், ஏ2எஃப்எல்-எஸ்1 ஏற்கப்படுகிறது. அடைத்த தளம் இருக்கும்போது அடியிலிருந்து தீ தொட முடியாது என்பதுதான் அதன் நியாயம். பிஎஃப்எல் அந்தக் கணக்கிலும் வராது.

தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிய மரம்?

சாதாரண மரம், ஏ1 முதல் எஃப் வரையிலான வரிசையில் டி (D) வகுப்பு. அழுத்தத்தில் ரசாயனம் ஏற்றினால் பி. ஏ2 ஆகாது. உயரக் கட்டடத்துக்கு இந்த ஒரு வரியே போதும்.

உயரம் குறைந்த கட்டடத்தில்கூட எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. வெளியில் கிடக்கும் மரத்தில் லண்டன் மழை ஆண்டு முழுக்க இறங்குகிறது. மழையில் கரையாத வகை ரசாயனம் என்று வாங்கினால் பரவாயில்லை. தூரிகையால் மேலே பூசும் வகை தேய்ந்து போகும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஐந்து வருடம் கழித்து யார் பூசப் போகிறார்கள்? அந்த வேலையை எந்த சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன?

நடைமுறையில் மூன்று: அலுமினியம், 20 மில்லிமீட்டர் போர்சலின் (பீங்கான்) பாளம், ஃபைபர் சிமென்ட் (நார் கலந்த சிமென்ட் பலகை). கல்லும் கான்கிரீட் பாளங்களும் பாதுகாப்பானவையே, எடை தாங்கினால்.

பெரும்பாலான ஃப்ளாட்களுக்கு நான் சொல்வது பவுடர் கோட்டிங் (சூட்டில் படியவைத்த வண்ணப் பூச்சு) செய்த அலுமினியம். மரத்தைப் பிடுங்கிய இடத்தில் எடைக் கணக்குக் குழப்பம் அதிகம் இல்லாமல் உட்காரும். பலகை, தாங்கும் சட்டம் இரண்டும் ஒரே உலோகத்தில் ஒரே கம்பெனியிடம் கிடைக்கும். கோட்டிங் இல்லாத அலுமினியம் ஏ1, கோட்டிங் போட்டது வழக்கமாக ஏ2-எஸ்1, டி0. இங்கே கவனம்: சான்றிதழ் வெறும் உலோகத்துக்கு வாங்கியதா, நீங்கள் தேர்ந்தெடுத்த கோட்டிங்கோடு சேர்த்து வாங்கியதா? பலகைக்கு அடியில் சத்தம் குறைக்க ரப்பர் பட்டையும், வழுக்காமல் இருக்க மேலே பிசினில் ஒட்டிய மணல் பட்டையும் இருந்தால் அவையும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஃபைபர் சிமென்ட் பார்க்க மரம் போலவே இருக்கும், தீயிலும் நல்லது. விளிம்பு உடையும், வெட்டும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நல்ல ஆள் கிடைத்தால் போடலாம்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே? வீட்டுத் தீ அதைத் தாண்டாதா?

தாண்டும். முழு வீச்சில் எரியும் அறையிலிருந்து ஜன்னல் வழியாக வரும் தீயில் அலுமினியப் பலகை வளைந்து தொங்கும், ஓட்டை விழும். உருகுவதற்கு வெகு முன்பே, சில நூறு டிகிரியிலேயே, அதன் பலம் பாதியாகிவிடும்.

ஆனால் இங்கே நாம் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். பலகை தீக்குத் தீனி போடுமா என்பது ஒன்று. தீயில் நிற்குமா என்பது இன்னொன்று. அலுமினியம் முதலாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது. மாடிக்கு மாடி தீ தாவுவதைத் தடுக்க முதலாவதுதான் வேண்டும். இரண்டாவதற்கு, பால்கனியைத் தாங்கும் எஃகு அல்லது கான்கிரீட் அமைப்பு பதில் சொல்லும். எரியும் பால்கனியில் யாரும் நிற்கப் போவதில்லை. பால்கனி வழியாகத்தான் தப்பிக்க வேண்டும் என்ற அமைப்புள்ள கட்டடம் என்றால் கதை வேறு, அதை வடிவமைப்பாளரிடம் விடுங்கள்.

வெயிலில் சுடும், மழையில் சத்தம் போடும், குழந்தை வழுக்கி விழும் என்கிறார்களே?

மூன்றும் ஓரளவு உண்மை. கறுப்பு, ஆந்த்ரசைட் (கருஞ்சாம்பல்) நிறங்களைத் தவிர்த்தால் ஜூலை மாத வெயிலில் வெறுங்காலில் நிற்கலாம். சத்தம் பலகை சட்டத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே போட்ட ஒரு பால்கனியில் போய் நடந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், ஷோரூமில் மேஜைமேல் வைத்த துண்டில் ஒன்றும் தெரியாது. வெப்பத்தில் நீளும் என்பதும் உண்டு: 3 மீட்டர் பலகை 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாமல் இறுக்கி முடுக்கினால் கோடை மாலைகளில் 'டக்' 'டக்' என்று ஓசை கேட்கும்.

வழுக்கலுக்குப் பெண்டுலம் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஈரமான தரையில் வரும் எண் 36 அல்லது அதற்கு மேல் என்றால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு. காய்ந்த நிலை எண்ணைக் காட்டினால் ஈர எண்ணைக் கேளுங்கள்.

போர்சலின் அழகாக இருக்கிறதே, அதையே போட்டால் என்ன?

தீயைப் பொறுத்தவரை ஏ1, குறை சொல்ல ஒன்றும் இல்லை. எடைதான் விஷயம். 20 மில்லிமீட்டர் பாளம் சதுர மீட்டருக்கு 45 கிலோவுக்கு மேல் வரும். சாதாரண 28 மில்லிமீட்டர் பைன் பலகை ஏறக்குறைய 14 கிலோ. மரத்துக்காகக் கணக்குப் போட்டுத் தொங்கவிட்ட பால்கனியில் மும்மடங்கு எடையை ஏற்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று, பாளம் உடையும். கனமான பூந்தொட்டி விழுந்தாலோ, தீயில் திடீரெனச் சூடேறினாலோ விரிசல் விட்டுத் துண்டாகும். அடியில் கான்கிரீட் தளம் இருந்தால் கவலை இல்லை. திறந்த எஃகுச் சட்டத்தின் மேல் என்றால், துண்டு நேரே கீழே போகும். அப்படிப்பட்ட இடத்தில் உலோகத் தட்டில் பொதிந்த பாளம் வேண்டும்.

பலகையை மாற்றினால் போதுமா? அடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பேன்.

ஒரு பலகையைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பாருங்கள். மேலே பளபளக்கும் போர்சலின், அதைத் தாங்குவது கறுப்புப் பிளாஸ்டிக் கால்கள்: நாலு பாளம் சேரும் மூலைக்கு ஒன்று, திருகி உயரம் கூட்டுவது. அது பாலிபுரொப்பிலீன், நன்றாக எரியும், உருகிச் சொட்டும். சில இடங்களில் மேலே அலுமினியம், அடியில் பழைய மரச் சட்டம் அப்படியே இருக்கும், 'அது நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டிருப்பார்கள். இடுக்கு வழியாக விழுந்து சேர்ந்த காய்ந்த இலை, சிகரெட் துண்டு, பிஸ்கட் உறை, புறா கட்டிய கூடு. இதன்மேல் மேல்வீட்டிலிருந்து ஒரு சிகரெட் நெருப்பு விழுந்தால், ஏ1 சான்றிதழ் உள்ள தரைக்கு அடியில் தீ பிடிக்கும்.

எனவே கால்களும் சட்டமும் எஃகு அல்லது அலுமினியமாக இருக்கட்டும். பலகையைக் கழற்றி அடியைச் சுத்தம் செய்ய வழி இருக்கட்டும். திருகாணியை மறைத்து நிரந்தரமாக மூடிவிடும் அமைப்பு பார்க்க அழகு, ஆனால் பத்து வருடக் குப்பையும் அதற்குள்ளேயே இருக்கும்.

சிகரெட் துண்டு அவ்வளவு பெரிய ஆபத்தா?

மெல்போர்ன் டாக்லாண்ட்ஸில் லக்ரோஸ் என்ற கட்டடம். 2014 நவம்பர் 25 அதிகாலை, எட்டாவது மாடிப் பால்கனி மேஜையில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட சிகரெட் சரியாக அணையவில்லை. தீ பக்கத்துச் சுவரில் இருந்த எரியும் கிளாடிங்கைப் பிடித்துக் கூரைவரை போனது. நானூறுக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். யாரும் இறக்கவில்லை.

ஏஜென்ட் போட்ட தரை பிடிக்கவில்லை. மேலே செயற்கைப் புல்லோ, பூட்டிச் சேர்க்கும் மர டைல்ஸோ போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். எல்லோரும் கேட்பதும், பலர் கேட்காமலேயே செய்துவிடுவதும் இதுதான். செயற்கைப் புல் முழுக்கப் பிளாஸ்டிக். மர டைல்ஸ் என்பதன் அடிப்பக்க வலையும் பிளாஸ்டிக். கட்டடத்தின் பகுதியாக இல்லாமல் தற்காலிகமாக விரித்தது என்பதால் விதி உங்களைத் தொடாது என்று வாதிடலாம். தீயிடம் அந்த வாதம் எடுபடாது, லீஸ் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் தடை இருக்கும். கைப்பிடியில் கட்டும் மூங்கில் தட்டிக்கும் பிளாஸ்டிக் இலைச் சுவருக்கும் இதே பதில். மறைவு வேண்டுமென்றால் மண் தொட்டியில் கறிவேப்பிலையும் துளசியும் வையுங்கள். குளிர்காலத்தில் உள்ளே எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மீன் பொரித்தால் வீடெல்லாம் வாடை. பால்கனியில் கேம்பிங் கேஸ் அடுப்பு வைத்துப் பொரிக்கலாமா? கார்த்திகை விளக்கு?

அடுப்பு கூடாது, பார்பிக்யூவும் கூடாது. தரை ஏ1 ஆக இருந்தாலும் கூடாது. கொதிக்கும் எண்ணெய், கேஸ் டப்பா, மேலே காயும் துணி, காற்று: தரை மட்டும் எரியாமல் இருந்து என்ன பயன்? பால்கனியில் பார்பிக்யூ வேண்டாம் என்று லண்டன் தீயணைப்புப் படை ஒவ்வொரு கோடையிலும் தலைபாடாய் அடித்துக்கொள்கிறது. மீன் வாடைக்குச் சமையலறை எக்ஸ்ட்ராக்டரின் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள், பாதி குறையும்.

கார்த்திகைக்கு அகல் விளக்கை ஜன்னலுக்கு உள்பக்கம் தாம்பாளத்தில் ஏற்றுங்கள், அல்லது பால்கனிக்கு பேட்டரி விளக்கு. சாம்பிராணிக் கரியைக் குப்பைப் பையில் கொட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றுங்கள்.

மாற்றும் செலவு யார் தலையில்?

2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைந்தது 11 மீட்டர் அல்லது ஐந்து மாடி உள்ள கட்டடத்தில் தகுதியுள்ள லீஸ்ஹோல்டருக்குப் (நீண்டகாலக் குத்தகையில் ஃப்ளாட் வைத்திருப்பவர்) பாதுகாப்பு உண்டு. அபாயமான கிளாடிங்கை நீக்கும் செலவை அவரிடம் வாங்க முடியாது. கிளாடிங் அல்லாத குறைபாடுகளுக்கு உச்சவரம்பு இருக்கிறது: லண்டனில் பெரும்பாலானவர்களுக்கு 15,000 பவுண்டு, வெளியே 10,000. வீட்டு மதிப்பு அதிகமானால் வரம்பும் கூடும், குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழ் என்றால் பூஜ்யம். தகுதி என்பது 2022 பிப்ரவரி 14 அன்று அது உங்கள் முதன்மை வீடாக இருந்ததா, அல்லது உங்களிடம் பிரிட்டனில் மொத்தம் எத்தனை வீடு இருந்தது என்பதைப் பொறுத்தது.

பால்கனி டெக்கிங் கிளாடிங் கணக்கில் வருமா, மற்ற குறைபாடு கணக்கில் வருமா என்பதில்தான் சண்டை. பில் வந்ததும் கட்டிவிடாதீர்கள். எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, லீஸ்ஹோல்டருக்கான இலவச ஆலோசனை தரும் 'லீஸ்' (LEASE) என்ற அரசு சார்ந்த அமைப்பிடம் காட்டுங்கள்.

ஃப்ளாட்டை விற்க நினைக்கிறேன். டெக்கிங்கால் தடை வருமா?

வரலாம். கடன் கொடுக்கும் வங்கி ஈ.டபிள்யூ.எஸ்.1 (EWS1) என்ற வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்புப் படிவம் கேட்பதற்கான காரணங்களில் பால்கனியும் ஒன்று. ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள பால்கனிகளில் டெக்கிங்கும் கைப்பிடியும் இரண்டுமே எரியக்கூடியவை என்றாலோ, டெக்கிங் எரியக்கூடியதாக இருந்து பால்கனிகள் எரியும் பொருளால் ஒன்றோடொன்று இணைந்திருந்தாலோ படிவம் கேட்கலாம் என்பது சொத்து மதிப்பீட்டாளர்களின் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். (RICS) தரும் வழிகாட்டுதல். கைப்பிடி கண்ணாடியோ எஃகோ ஆக இருந்து தரை மட்டும் மரம் என்றால் அது மட்டுமே காரணமாகாது. விற்பதற்கு முன் ஏஜென்ட்டிடம் பழைய படிவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், வாங்குபவரின் வக்கீல் கேட்கும்போது தேட ஆரம்பித்தால் மாதங்கள் ஓடிவிடும்.

மாற்ற வருபவரிடம் என்னென்ன தாள் கேட்க வேண்டும்?

ஈ.என். 13501-1 (மேலே சொன்ன ஏ1 முதல் எஃப் வரையிலான ஐரோப்பிய வகைப்பாடு) அறிக்கை, முழுதாக. விளம்பரத் தாளில் அச்சடித்த 'ஏ2' முத்திரை அறிக்கை ஆகாது. அறிக்கையில் உள்ள பொருளின் பெயர், தடிமன், கோட்டிங், நிறம் ஆகியவை உங்களுக்கு வரப்போவதோடு பொருந்துகின்றனவா என்று ஒரு விரல் வைத்துப் படியுங்கள். கால்களுக்கும் சட்டத்துக்கும் தனித் தாள். எடை மாறினால் இன்ஜினியர் கடிதம். வேலை முடிவதற்கு முன், பலகை மூடுவதற்கு முன், அடிப்பக்கத்தின் புகைப்படங்கள். பிறகு யார் எதைக் கேட்டாலும் பலகையைப் பெயர்க்காமல் காட்ட அவைதான் இருக்கும்.

நாங்கள் தரைத்தளம். சின்னத் தோட்டத்தில் மர டெக் போடலாமா?

பொதுவாகப் போடலாம், கட்டட உரிமையாளரின் அனுமதியோடு. ஆனால் உங்கள் டெக்குக்கு நேர் மேலே முதல்மாடிப் பால்கனி தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தொங்கினால், அந்தப் பகுதியில் மட்டுமாவது கல் பதித்துவிட்டு, மரத்தைச் சுவரிலிருந்து தள்ளித் தோட்டத்துக்குள் கொண்டு போங்கள்.